பொதியும் கண்ணெழுத்தும்: பெங்களூருக்கு மென்பொருள் வந்த வழி

காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்துகிடந்த வணிகப் பொதிகளைப் பற்றிப் பழந்தமிழ் நூல்கள் இருவேறு செய்திகளைத் தருகின்றன. சிலப்பதிகாரம் காட்டும் பொதிகளின் மேல் உரியவர்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அடையாள எழுத்துக்குக் 'கண்ணெழுத்து' என்று பெயர். பட்டினப்பாலை காட்டும் பொதிகளின் மேல் சோழனின் புலிமுத்திரை இருக்கிறது. அதை இட்டவர்கள் சுங்கம் கொள்ளும் அலுவலர்கள். முன்னது உடையவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. பின்னது வாயிலில் நின்றவன் சோதித்துச் சொல்வது. அந்தப் பொதி எந்தக் கலத்தில் ஏறி, எந்தத் துறையைத் தொட்டு, யார் கை மாறி வந்தது என்பது மூன்றாவது செய்தி. அதை உடையவனின் பெயரோ அரசின் முத்திரையோ தாமாகச் சொல்லிவிடுவதில்லை.

கணினி உலகின் 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்குத் தமிழாக்கர்கள் 'பொதி' என்ற சொல்லைத் தேர்ந்தபோது இவ்வளவு தூரம் எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே. ஆனால் சொல் பொருந்திவிட்டது. ஒரு கணினியில் நிறுவப்பட்டிருக்கும் மென்பொருள் பொதியைப் பார்த்து 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்டால், அது பெரும்பாலும் கண்ணெழுத்தைக் காட்டும். சில வேளைகளில் முத்திரையையும் காட்டும். வந்த வழியை மட்டும் மறந்திருக்கும். இந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டு. உலகுக்கு மென்பொருள் எழுதித் தரும் நகரமான பெங்களூரிலிருந்து அதைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இந்நகரம் ஏற்றுமதி செய்யும் மென்பொருளுக்குள் இறக்குமதியான பொதிகளே மிகுதி என்பதே காரணம்.

பெங்களூரின் மென்பொருள் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகச் சொல்லும் ஆண்டுகள் சில உண்டு. 1983-இல் இன்ஃபோசிஸ் புணேயிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் வளர்ச்சி மையத்தை இங்கு அமைத்து, தனக்கென ஒரு செயற்கைக்கோள் இணைப்பையும் பெற்றது. 1991-இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்ற மைய அரசின் அமைப்பு உருவானது. இவை எல்லாம் வெளியே போன சரக்கின் ஆண்டுகள். உள்ளே வந்த சரக்கின் வரலாறு இவ்வளவு முறையாக எழுதப்படவில்லை. நிறுவனங்களுக்குச் செயற்கைக்கோள் இருந்தது. மாணவனுக்கும் சிறு கடைக்காரருக்கும் அது இல்லை. விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகத்தில் ஓடும் மோடம் ஒன்று, ஒருமுறைகூட அறுபடாமல் இயங்கினாலும், 650 மெகாபைட் கொண்ட ஒரு குறுந்தகட்டின் உள்ளடக்கத்தை இறக்கி முடிக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அறுபடாமல் இயங்கிய தொலைபேசி இணைப்பை அக்காலத்தில் கண்டவர் அரிது.

ஆகவே மென்பொருள் தகட்டில் வந்தது. சிக்பேட்டை, பாலேபேட்டை, தரகுபேட்டை என்று பொருளுக்கும் தொழிலுக்கும் ஏற்பத் தெரு பிரித்து வணிகம் செய்த பழைய பேட்டைப் பகுதியை ஒட்டித்தான் கணினி உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோடும் அமைந்திருக்கிறது. கையிலிருந்து கைக்குப் போன தகடுகளில் கண்ணெழுத்து என்பது பேனாவால் எழுதிய ஒரு பெயர். கொடுத்தவரைத் தெரியும் என்பதே நம்பிக்கைக்கு முதல்.

இந்தச் சூழலில்தான் 'பிசிகுவெஸ்ட்' இதழின் லினக்ஸ் முயற்சியை வைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ் அதற்கு முன்னின்று உழைத்தார். 1996 முதல் அவ்விதழ் லினக்ஸ் தகடுகளை வாசகர்களுக்கு வழங்கியது. பின்வந்த ஆண்டுகளில் ரெட் ஹேட்டையும், அதன் பின் ஃபெடோராவையும் அடிப்படையாகக் கொண்டு, இந்தியப் பயனருக்கு ஏற்பத் திருத்திய 'பிசிகியூலினக்ஸ்' பதிப்புகள் வெளிவந்தன. இந்தியாவில் ஒரு தலைமுறை லினக்ஸைக் கண்டது இந்தத் தகடுகளின் வழியாகவே. தொழில்நுட்ப நோக்கில் இது ஒரு சுவையான நிலைமை. பொதியை எழுதியவர் ஜெர்மனியிலோ ஃபின்லாந்திலோ இருப்பார்; கட்டியது அமெரிக்க நிறுவனம்; தேர்ந்து சேர்த்தது இந்திய இதழ்; வாங்கியது பக்கத்துத் தெருப் புத்தகக்கடையில். இந்த நான்கு கைகளில், நிறுவப்பட்ட கணினி நினைவில் வைத்திருந்தது எத்தனை?

அதற்குப் பொதிக் கருவிகளின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கிய ஸ்லாக்வேர், மிகப் பழைய விநியோகங்களுள் ஒன்று. அதில் ஒரு பொதியை நிறுவினால், அதன் பெயரில் ஓர் எளிய உரைக்கோப்பு உருவாகும். பொதியின் பெயர், அளவு, அது கொண்டுவந்த கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றோடு 'பொதி இருந்த இடம்' என்றும் ஒரு வரி அதில் இருக்கும். வழியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று இதைக் கொண்டு மகிழலாம். ஆனால் அந்த வரி சொல்வது, நிறுவும்போது அக்கோப்பு அக்கணினியில் எந்த அடைவில் கிடந்தது என்பதை மட்டுமே. தகட்டை வெளியே எடுத்ததும் அந்த முகவரிக்குப் பொருளில்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தில், கடைசியாக அது கிடந்த மேசையின் பெயரை எழுதிவைத்தது போன்றது இது.

1995-இல் ரெட் ஹேட்டின் மார்க் யூயிங்கும் எரிக் டிரோனும் உருவாக்கிய ஆர்பிஎம் இன்னும் விரிவானது. ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் விற்பனையாளர், பொதி கட்டியவர், கட்டப்பட்ட கணினியின் பெயர், மூலப்பொதியின் பெயர் என்று தனித்தனி இடங்கள் உண்டு. நிறுவிய பின்னும் இவை கணினியின் தரவுத்தளத்தில் தங்கும். கண்ணெழுத்து என்ற அளவில் இது நிறைவானதே. ஆயினும் விற்பனையாளர் என்ற இடத்தில் எவரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். அதைச் சோதிக்க வேண்டுமானால் மறைக்குறியாக்கக் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கையொப்பமே புலிமுத்திரை.

டெபியன் வேறொரு பாதையில் போனது. அங்கே தனிப்பொதிகளில் முத்திரை இடும் வழக்கம் வேர்கொள்ளவில்லை. களஞ்சியம் முழுவதற்குமான ஒரு பட்டியலைத் தயாரித்து, அந்தப் பட்டியலில் கையொப்பமிடுவார்கள். ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்புத் தொகையும் அப்பட்டியல் வழியே பிணைக்கப்பட்டிருக்கும். இந்த ஏற்பாட்டைத் தானாகச் சோதிக்கும் ஆப்ட் கருவி, 2007-இல் வெளிவந்த எட்ச் பதிப்பில்தான் எல்லாப் பயனர் கைக்கும் வந்தது. முத்திரை பொதியில் இல்லை, வாயிலில் இருக்கிறது. பொதி உள்ளே நுழைந்த பின் அதைப் பார்த்து, எந்த வாயில் வழியே வந்தது என்று சொல்ல இயலாது. நிறுவப்பட்ட பொதிகளின் நிலைக்கோப்பில் பெயரும் பதிப்பெண்ணும் பராமரிப்பாளரும் உண்டு. களஞ்சியத்தின் பெயர் இல்லை.

இதை அறியாத பயனர்கள் இன்றும் பலர். ஆப்ட் கருவியிடம் ஒரு பொதியின் மூலத்தைக் கேட்டால் அது தயங்காமல் ஒரு களஞ்சிய முகவரியைக் காட்டுகிறது. அது பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன விடையன்று. 'இந்தப் பெயரும் இந்தப் பதிப்பெண்ணும் கொண்ட பொதி இப்போது இந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது, ஆகவே அங்கிருந்து வந்திருக்க வேண்டும்' என்ற அனுமானம். களஞ்சியத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் அனுமானமும் போய்விடும். அந்தப் பொதி 'உள்ளூர்' என்று பெயர் பெறும். எங்கோ பிறந்த பொதி, சான்று தொலைந்ததும் இந்த ஊர்க்காரர் ஆகிவிடுகிறது.

ஆர்பிஎம் உலகில் இந்தக் குறையைத் தீர்க்க முயன்ற கருவி யம். சேத் விடால் முன்னின்று வளர்த்த அக்கருவி, பின்னாளில் ஆர்பிஎம் தரவுத்தளத்துக்கு அருகே தனக்கென ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டது. எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, பயனர் கேட்டு வந்ததா அல்லது வேறொரு பொதிக்குத் துணையாக வந்ததா என்ற செய்திகளை அது எழுதிவைத்தது. நிறுவிய பொதியின் வழியை நிறுவிய கருவியே பதிவு செய்தது இங்கேதான். அதன் வழித்தோன்றலான டிஎன்எஃப் கருவியிலும் இது தொடர்கிறது. ஆனால் களஞ்சியத்தின் பெயர் என்பது நிர்வாகி தன் கணினியில் சூட்டிய பெயர்தான். 'அடிப்படை' என்று ஒரு நிறுவனம் பெயரிட்ட களஞ்சியமும் மற்றொன்று பெயரிட்ட களஞ்சியமும் ஒன்றாகா. சிட்னிஸ் 2013 ஜூன் 3 அன்று பெங்களூரில் காலமானார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 8 அன்று, சேத் விடால் வட கரோலினாவில் சாலை விபத்தில் இறந்தார். பொதியைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒருவர், வந்த வழியை எழுதிவைக்கும் கருவியை வளர்த்தவர் மற்றவர்.

இதெல்லாம் கணக்குப்பிள்ளைகளின் கவலை என்று தோன்றலாம். அப்படியன்று என்பதை 2008-ஆம் ஆண்டு இருமுறை காட்டியது.

அவ்வாண்டு மே 13 அன்று டெபியன் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் டெபியன் பராமரிப்பாளர்கள் 2006-இல் செய்த ஒரு சிறு திருத்தம், சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட வகையிலும் அளவிலும் உருவாகக்கூடிய சாவிகள் 32,768 அளவில் சுருங்கிவிட்டன. எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். மூல ஆசிரியர்களின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இப்பிழை இல்லை. ரெட் ஹேட் வழி வந்ததிலும் இல்லை. டெபியன் வழியும் அதிலிருந்து கிளைத்த விநியோகங்கள் வழியும் வந்ததில் மட்டுமே இருந்தது. பெயர் ஒன்றே, பதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒன்றே, வந்த வழி வேறு. ஒரு நிர்வாகியின் அன்றைய இரவுத் தூக்கத்தைத் தீர்மானித்தது அந்த வழிதான். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. அதுவும் டெபியன் வழியில் கிளைத்ததே. இத்தகைய கிளை விநியோகங்களில் 'எங்கிருந்து' என்ற கேள்விக்கு விடை இரண்டு படிகளில் இருக்கிறது: கொடுத்தவர் ஒருவர், அவருக்குக் கொடுத்தவர் மற்றொருவர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரெட் ஹேட், தன் கணினிகளுக்குள் ஊடுருவிய ஒருவர் சில ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பொதிகளில் தன் நிறுவனத்தின் கையொப்பத்தையே இட்டுவிட்டதாக அறிவித்தது. புலிமுத்திரை மெய்யானது, இட்ட கை பொய்யானது. தன் அதிகாரப்பூர்வமான விநியோக வழியில் வந்த பொதிகளுக்கு ஆபத்தில்லை என்று அந்நிறுவனம் சொன்னது. முத்திரை தோற்ற இடத்தில் வழிதான் சான்றாக நின்றது என்பது இதன் உட்பொருள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இணையதளத்தில் நடந்தது இதன் மறுதலை. அங்கு இறக்கும் இணைப்பை மாற்றி, கள்ளக்கதவு வைத்த தகட்டுப்படிமத்துக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டார்கள். பெயர் சரி, வாயிலும் சரி. உள்ளே போனதும் வழி திரும்பிவிட்டது.

பெங்களூரில் அந்த ஆண்டுகளில் இத்தகைய பேச்சுகளுக்கு இடமாக இருந்தது, 2001-இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்று தொடங்கி 2005-இல் 'ஃபாஸ்.இன்' என்று பெயர் மாறி 2012 வரை நடந்த மாநாடு. வெறும் நுகர்வோராக இருப்பது போதாது, மூலத்துக்குத் திருத்தம் அனுப்புவோராக மாற வேண்டும் என்பது அதன் பிற்கால வற்புறுத்தல். வந்த பொருளின் மூலம் தெரியாமல் திருத்தத்தை யாருக்கு அனுப்புவது? இந்த எண்ணத்துக்கு இந்நகரில் ஒரு முன்னோடியும் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கி 2001 ஏப்ரலில் காட்டிய சிம்ப்யூட்டர் லினக்ஸில் இயங்கியது. அதன் வன்பொருள் வடிவத்துக்கு ஜிபிஎல்லைப் பின்பற்றித் தனி உரிமம் ஒன்று எழுதப்பட்டது. வடிவத்தை எடுத்து மாற்றியவர், அந்த மாற்றத்தைப் பொதுவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது, வன்பொருளுக்கும் கொடிவழி எழுத முயன்றார்கள். சந்தையில் சிம்ப்யூட்டர் நிற்கவில்லை. உரிமம் எழுதிய கைகள் இன்னும் அதிகம் நினைக்கப்பட வேண்டியவை.

2009 செப்டம்பரில் இந்தியாவின் முதல் பைக்கான் மாநாடு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் நடந்தது. அதே ஆண்டுதான் பைத்தான் மொழியின் 376-ஆம் மேம்பாட்டு முன்மொழிவு எழுதப்பட்டது. நிறுவப்பட்ட ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தகவல் அடைவு, அதில் கோப்புகளின் பட்டியல், 'நிறுவியவர்' என்ற ஒரு சிறு கோப்பு என்று அது வகுத்தது. இன்று பல கணினிகளில் அந்த 'நிறுவியவர்' கோப்பைத் திறந்தால் 'பிப்' என்ற சொல் மட்டுமே இருக்கும். சுமந்து வந்த கூலியாளின் பெயர் தெரிகிறது; ஏற்றிய துறை தெரியவில்லை.

லினக்ஸ் விநியோகங்களில் பொதி கட்டுவோர் என்று ஓர் இடைக்குழு இருந்தது. அவர்கள் வாயிற்காவலர்கள். பைத்தானின் பைப்பிஐ களஞ்சியத்திலும் ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் களஞ்சியத்திலும் அந்தக் குழு இல்லை, எழுதியவரே ஏற்றுகிறார். தரகர் இல்லாத சந்தை என்று இதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. புகழ்ச்சியில் உண்மையும் உண்டு: பெங்களூரின் புதுநிறுவனங்கள் இவ்வளவு விரைவாக எழுந்ததற்கு அந்தத் தடையின்மை ஒரு காரணம். ஆனால் தரகர் போனபோது அவர் வைத்திருந்த பேரேடும் கூடவே போயிற்று.

இந்தச் சந்தையின் பலவீனத்தை 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அம்பலமாக்கினார். நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் வழங்கும் தனிப்பொதிகளின் பெயர்களைத் திரட்டி, அதே பெயர்களில் பொதுக் களஞ்சியங்களில் பொதிகளை ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் வீட்டுப் பொதிக்குப் பதிலாகத் தெருப் பொதியை எடுத்துக்கொண்டன. பிப் கருவிக்கு இரண்டு களஞ்சியங்களைக் காட்டினால், அது இரண்டையும் சமமாகவே நடத்தும். எதில் உயர்ந்த பதிப்பெண் இருக்கிறதோ அதை எடுக்கும். பெயரை மட்டும் கேட்டு வழியைக் கேட்காத கருவியின் இயல்பான விளைவு இது. அடுத்த ஆண்டின் இறுதியில், டிசம்பர் 25 முதல் 30 வரை, இது பைடார்ச்சுக்கே நேர்ந்தது. அதன் இரவுப்பதிப்புக்குத் தேவையான 'டார்ச்ட்ரைட்டன்' என்ற பொதி, பைடார்ச் குழுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது. அதே பெயரில் பைப்பிஐயில் யாரோ ஏற்றிய கள்ளப்பொதி, கணினியின் தகவல்களையும் பயனரின் கோப்புகளையும் திருடி அனுப்பியது. செய்தி வெளிவந்த மறுநாள் ஒவ்வோர் ஆய்வகத்திலும் எழுந்த கேள்வி, 'நம்மிடம் அந்தப் பொதி இருக்கிறதா' என்பது மட்டுமன்று; 'நம்மிடம் இருப்பது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது' என்பதுமாகும். தகவல் அடைவில் அதற்கு விடை இல்லை. ஆகவே பைடார்ச் குழு, அந்தப் பொதிக்குள் கள்ளக்கோப்பு இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும் ஒரு கட்டளையைத் தர வேண்டியதாயிற்று. பிறந்த ஊரைக் கேட்க முடியாமல் உடலில் மச்சம் தேடிய கதை.

குறை தெரியாமல் இருக்கவில்லை. 2020-இல் ஏற்கப்பட்ட 610-ஆம் முன்மொழிவு, நேரடி முகவரியிலிருந்தோ மூலநிரல் கிடங்கிலிருந்தோ நிறுவப்பட்ட பொதிக்கு அந்த முகவரியை எழுதிவைக்கச் செய்தது. களஞ்சியத்திலிருந்து பெயர் சொல்லி நிறுவிய பொதிக்கு இது பொருந்தாது. பெரும்பாலான பொதிகள் அப்படித்தான் வருகின்றன. எனவே அந்த இடைவெளியை நிரப்ப 2023-இல் 710-ஆம் முன்மொழிவு எழுதப்பட்டது: எந்தக் களஞ்சியமாயினும் பொதி இறக்கப்பட்ட முழு முகவரியும், இறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையும் நிறுவிய பொதியோடு தங்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இரண்டாவது பகுதிதான் நுட்பமானது. இப்போதைய பதிவேடு, பிரித்துப் பரப்பிய ஒவ்வொரு கோப்பின் தொகையையும் வைத்திருக்கிறது. பிரிப்பதற்கு முன் இருந்த பொதியின் தொகையை வைத்திருப்பதில்லை. மூட்டையை அவிழ்த்ததும் முத்திரை உடைந்துவிடுகிறது. 2024-இல் வந்த 740-ஆம் முன்மொழிவு களஞ்சியத்தின் பக்கத்திலிருந்து, யார் எந்த மூலத்திலிருந்து கட்டினார் என்ற சான்றைப் பொதியோடு வெளியிட வழிவகுத்தது. அதுவும் களஞ்சியத்தில் நிற்கும் சான்றே.

வழி தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணுவதும் மயக்கமே. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் வெளிப்படுத்திய எக்ஸ்இசட் கள்ளக்கதவு எல்லா நேரிய வாயில்களின் வழியாகவும் வந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்து நம்பிக்கை பெற்ற 'ஜியா டான்' என்ற பெயரே கையொப்பமிட்டது. அதைப் பிடிக்க உதவியது, உள்நுழைவில் ஏற்பட்ட அரை நொடித் தாமதம். பின்னர் ஆராய்ந்தபோது, வெளியிடப்பட்ட மூலப்பொதியில் இருந்த ஒரு கட்டுமானக் கோப்பு பொதுக்கிடங்கில் இல்லை என்பது தெரிந்தது. எல்லோரும் பார்க்கும் நிரலுக்கும் எல்லோரும் பயன்படுத்தும் பொதிக்கும் நடுவே ஓர் அறியப்படாத முழ நீளம் இருந்தது. கென் தாம்ப்சன் 1984-லேயே தன் டூரிங் விருதுரையில் இந்த முழ நீளத்தைத்தான் சுட்டிக்காட்டினார். டெபியனில் 2013 முதல் நடந்துவரும் மறுகட்டுமான முயற்சி, ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் ஒரு துண்மிகூட மாறாத பொதி வரவேண்டும் என்று முயல்வது அந்த நீளத்தை ஒழிக்கவே.

இந்தியாவில் 'எங்கிருந்து' என்ற கேள்வி இன்னொரு நிறமும் கொள்கிறது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியின் சூழலில் பிறந்த பாரோஸ் கைப்பேசி இயங்குதளம் அமைச்சர்கள் முன்னிலையில் காட்டப்பட்டபோது, உள்நாட்டுத் தயாரிப்பு என்ற புகழுரை எழுந்தது. அது ஆண்ட்ராய்டின் திறமூல அடித்தளத்தில் எழுந்தது என்ற எதிருரையும் உடனே எழுந்தது. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதை அந்த வாதத்தில் பலர் ஏற்கவில்லை. எந்த இயங்குதளமும் ஒரே ஊரில் பிறப்பதில்லை. சுதேசி, விதேசி என்ற இரு பெட்டிகளில் அடைக்கும் அரசியலுக்கு, நான்கு கை மாறி வந்த பொதியின் பிறப்புச்சான்றை எழுதத் தெரியாது. அதற்குப் பட்டியல் வேண்டும்.

அந்தப் பட்டியல் இப்போது சட்டத்தின் வழியே வந்திருக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்க அதிபரின் ஆணையொன்று, அரசு வாங்கும் மென்பொருளுக்கு உட்கூறுப் பட்டியல் வேண்டும் என்றது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதித் தரும் பெங்களூருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2024 ஆகஸ்டில் செபியின் இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பு, தன் ஆட்சிக்குட்பட்ட நிறுவனங்களிடம் அத்தகைய பட்டியலைக் கேட்டது. அதே ஆண்டு அக்டோபரில் செர்ட்-இன் அமைப்பு உட்கூறுப் பட்டியலுக்கான தொழில்நுட்ப வழிகாட்டியை வெளியிட்டது; 2025 ஜூலையில் அதன் இரண்டாம் பதிப்பு செயற்கை நுண்ணறிவு, வன்பொருள், மறைக்குறியாக்கம் ஆகியவற்றுக்கும் பட்டியல் கோரியது. இதே காலத்தில் பெங்களூரின் ஜெரோதா நிறுவனம், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற அளவில் திறமூலத் திட்டங்களுக்கு நிதி தரத் தொடங்கியது. நிதி கேட்பவர் ஓர் அறிக்கைக் கோப்பை எழுத வேண்டும். அதில் குறிக்கும் இணைய முகவரி தமக்கே உரியது என்பதை அந்த முகவரியிலேயே ஒரு கோப்பை வைத்துக் காட்ட வேண்டும். பணம் கொடுப்பதற்கும் முதலில் தேவைப்பட்டது, பொதி யாருடையது என்ற சான்றுதான்.

சட்டம் கேட்கும் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தால் வரலாறு மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பது தெரியும். ஒரு நிறுவனத்தில் பல்லாயிரம் பொதிகள் இருக்கும். கையால் எழுத முடியாது. வருடிக் கருவிகள் எழுதுகின்றன. நிறுவப்பட்ட பைத்தான் பொதிகளை அறிய அவை திறப்பது அதே தகவல் அடைவைத்தான். அங்கே பெயரும் பதிப்பெண்ணும் கிடைக்கின்றன. களஞ்சியம் கிடைப்பதில்லை. ஆனால் பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சீரான அடையாள முகவரி எழுதப்பட வேண்டும். எனவே கருவி 'பைப்பிஐ' என்று முன்னொட்டிட்டு, பெயரையும் பதிப்பெண்ணையும் அதன்பின் சேர்க்கிறது. நிறுவனத்தின் தனிக்களஞ்சியத்திலிருந்து வந்த பொதிக்கும் அதே முன்னொட்டு விழக்கூடும். 2022 டிசம்பரின் கடைசி வாரத்தில் பைடார்ச் களஞ்சியத்திலிருந்து வந்த நல்ல டார்ச்ட்ரைட்டனும், பைப்பிஐயிலிருந்து வந்த கள்ள டார்ச்ட்ரைட்டனும் அப்பட்டியலில் ஒரே பெயர்வரிசையில் நிற்கும். ஆப்ட் கருவி திரையில் காட்டிய அனுமானம், இங்கே ஒழுங்காற்று ஆணையத்துக்கு அனுப்பும் ஆவணத்தில் சான்றாக ஏறுகிறது. தணிக்கையாளர் அந்த ஆவணத்தைச் சரிபார்க்க விரும்பினால், அவருக்கும் திறக்கக் கிடைப்பது அதே அடைவுதான். அதில் 'நிறுவியவர்' என்ற கோப்பும், அக்கோப்பில் பெரும்பாலும் 'பிப்' என்ற ஒரு சொல்லும் இருக்கின்றன.